20 கிலோமீட்டர் ஓடியதும் நின்றுபோகும் 1965 எம்ஜிபி: கார்புரேட்டரா, பம்பா, டேங்க்கா?

அம்பை எம்ஜிபி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1965 எம்ஜிபி ஒன்று இருக்கிறது, இங்கிலாந்தின் பழைய ஸ்போர்ட்ஸ் கார். மாமா வைத்திருந்த வண்டி. அவர் போன பிறகு கல்லிடைக்குறிச்சி வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. போன வருஷம் அத்தை சாவியை என் கையில் கொடுத்து, "நீ எடுத்து ஓட்டு, சும்மா நின்னா துருப்பிடிச்சிரும்" என்றார். 1798 சிசி இன்ஜின், எஸ்யூ கம்பெனியின் இரட்டை எச்எஸ்4 கார்புரேட்டர், பின்பக்கம் எஸ்யூ எலெக்ட்ரிக் பம்ப். எல்லாமே ஒரிஜினல். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியோடு இணைக்கிற அந்தக் காலத்து பாசிட்டிவ் எர்த்தைக்கூட மாமா மாற்றவில்லை.

பிரச்சினைக்கு வருகிறேன். காலையில் செல்ஃப் அடித்ததும் பிடித்துவிடும். அம்பையில் இருந்து பாபநாசம் போய்விட்டு வந்தால் ஒரு குறையும் கிடையாது. திருநெல்வேலிக்குக் கிளம்பினால்தான் தொல்லை. வீரவநல்லூர் வரை அருமையாகப் போகும். சேரன்மகாதேவி தாண்டியதும் இழுவை குறையும், மிஸ்ஸிங் வரும், பத்தமடை எல்லைக்குள் நுழைவதற்குள் நின்றுவிடும். செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. கால் மணி நேரம் அப்படியே விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். அப்புறம் கொஞ்ச தூரம்தான்.

உள்ளூரில் காட்டினேன். இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். பிளக், காயில் இரண்டும் புதுசு. பலன் இல்லை. இப்போது கார்புரேட்டர் இரண்டையும் எடுத்துவிட்டு வேறு வண்டியுடையது ஒன்றை மாட்டிவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசே வரவில்லை. இந்த வண்டிக்கு அழகே அந்த இரட்டை எஸ்யூதான். பழைய வண்டியோடு பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை மெக்கானிக் எழுதியது:

தம்பி, முதல் காரியம், அந்தக் கார்புரேட்டரில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். கழற்றிச் சுத்தம் செய்த பிறகும் அதே இடத்தில், அதே மாதிரி நிற்கிறது என்றால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. பெட்ரோல் டேங்க்கில் இருந்துதான் கிளம்புகிறது, தேடுவதையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நம் ஊரில் பானெட்டைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரிவது கார்புரேட்டர் என்பதால் எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது.

நான் அம்பாசடர் வேலை பார்த்து வளர்ந்தவன். அதில் இருந்த 1489 சிசி இன்ஜினும் உங்கள் இன்ஜினும் ஒரே பி சீரிஸ் குடும்பம். அதனால் அம்பாசடர் தெரிந்தவர்கள் இன்ஜின் பக்கம் தைரியமாகக் கை வைக்கலாம். ஆனால் அம்பாசடரில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் பக்கவாட்டிலேயே இருக்கும், மெக்கானிக்கல். உங்களுடையது எலெக்ட்ரிக், வலது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் அடியில் ஒளிந்திருக்கும். அதைப் பார்க்கக் குனிய வேண்டும். பல பேர் குனிவதே இல்லை.

எஸ்யூ பம்ப் தானே பேசும். இதை நீங்கள் பழகிக்கொள்ள வேண்டும். சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக் டிக்' என்று வேகமாக அடித்து, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பர் நிறைந்ததும் அடங்கிவிட வேண்டும். அடங்கிய பிறகும் இன்ஜின் ஓடாமலே இடைவெளி விட்டு ஒவ்வொரு டிக்காக வந்துகொண்டிருந்தால், அந்தச் சேம்பரின் வாயில் இருக்கும் ஃப்ளோட் நீடில் சரியாக அடைக்காமல் பெட்ரோல் வழிகிறது. நிற்காமல் படபடவென்று அடித்தால் டேங்க் காலி, இல்லையென்றால் டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கிறது. சத்தமே இல்லையென்றால் மூன்று காரணம் உண்டு: சேம்பர் நிறைந்திருக்கிறது, பம்புக்குக் கரண்டை விட்டு விட்டுத் தரும் பாயிண்ட் கரிந்திருக்கிறது, அல்லது டேங்க் பக்கம் அடைப்பு. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. இந்தப் பம்ப் காயிலால் இழுத்து, ஸ்பிரிங்கால் தள்ளுவது. இழுக்கும் பக்கம் அடைபட்டால் உள்ளே அசையும் சவ்வு, அதாவது டயாபிரம், பாதியில் நின்றுவிடும், பாயிண்ட் விலகாது, கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். தொட்டுப் பார்த்தால் பம்ப் சுடும். அப்படியே விட்டால் காயில் எரிந்துவிடும்.

ஆகவே அடுத்த தடவை வண்டி நின்றதும் கால் மணி நேரம் காத்திருக்காதீர்கள். விடை அந்த முதல் இரண்டு நிமிஷத்தில்தான் இருக்கிறது. ஆறிப்போனால் தடயம் போய்விடும். சாவியை ஆனில் வைத்து, கூட வருகிறவரைப் பின்னால் காது வைக்கச் சொல்லுங்கள். பம்ப் பேசாமல் இருந்தால் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய் பம்ப் அடிக்க ஆரம்பித்தால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைப்பு. அதுவும் இல்லையென்றால், கார்புரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். நல்ல பம்ப் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தள்ள வேண்டும். நன்றாகக் கொட்டினால் பெட்ரோல் பக்கத்தை விட்டுவிட்டு ஸ்பார்க்கைப் பாருங்கள். சூடானதும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் கண்டன்சர் செத்துப்போவதும் இதே மாதிரிதான் ஏமாற்றும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ வரவே இல்லை என்றாலோ, பம்பின் டேங்க் பக்கத்துப் பைப்பைக் கழற்றி, டேங்க் மூடி திறந்திருக்கும்போதே சைக்கிள் பம்பால் டேங்க்கை நோக்கி ஊதுங்கள். வாயால் ஊதக் கூடாது. உள்ளே குமிழிச் சத்தம் கேட்டு, மறுபடி மாட்டியதும் பம்ப் ஓடினால் திருடன் டேங்க்குக்குள் இருக்கிறான்.

காது வைப்பதும் மூடி திறப்பதும் உடனே நடக்கட்டும்; கார்புரேட்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றுவதைப் பகல் வெளிச்சத்தில், எக்ஸாஸ்ட் ஆறிய பிறகு செய்யுங்கள். இந்த வண்டியில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், மேலும் கீழுமாக இருக்கும். கழற்றிய ஹோஸில் இருந்து அதன் மேல் பெட்ரோல் சிந்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தீயணைப்பான் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

பாபநாசம் போனால் நிற்பதில்லை என்றீர்களே. அங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் குளித்து, கோயிலுக்கும் போய்த்தானே திரும்புகிறீர்கள்? டேங்க்குக்குள் பைப் முனையில் இருக்கும் சல்லடையில் ஒட்டிய குப்பை அந்த நேரத்தில் கீழே விழுந்துவிடும். எனக்கு டேங்க் மேல்தான் சந்தேகம். ஆனாலும் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தென்காசி ஹெரால்டு எழுதியது:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் வீட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் இதே போல் நடந்தது, காரணம் ரப்பர் ஹோஸ். 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோல் அறிமுகமாகி, இப்போது பெரும்பாலும் எந்த பங்கிலும் அதுதான். நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். அறுபதுகளின் ரப்பரும் டயாபிரமும் இதற்காகச் செய்தவை அல்ல. வெளியே பார்த்தால் ஹோஸ் கருப்பாக நன்றாகத்தான் இருக்கும். வெட்டிப் பார்த்தபோது உள்சுவர் ஊறி வீங்கி, விரல் நகத்தால் சுரண்டினால் மை மாதிரி ஒட்டியது. பெட்ரோல் போகிற வழி பென்சில் முனை அளவுக்குச் சுருங்கிவிட்டது.

மாற்றும்போது சும்மா 'பெட்ரோல் ட்யூப்' என்று கேட்டு வாங்காதீர்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்த ஹோஸ் வேண்டும். ஆர்6 என்று இருந்தால் வேண்டாம்.

பங்கில் எத்தனால் எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம். ஆய்வுக்கூடத்து அளவு ஜாடியில் 10 மில்லி தண்ணீர், அதன் மேல் 100 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்கி வைத்தால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். அடியில் உள்ள நீர் ஏறக்குறைய 30 மில்லிக்கு வந்தால் அது இ20. என் மகளோடு சேர்ந்து இதைச் செய்தேன். கோடு உயர்ந்து நின்றதைப் பார்த்து அவள் அசந்துபோனாள்.

இன்னொன்று, உங்கள் மாமா டேங்க்குக்குள் துருவுக்காகப் பூச்சு ஏதாவது போட்டிருந்தாரா? பழைய காலத்துப் பூச்சுகள் பல எத்தனாலுக்கு நிற்காது.

அம்பை எம்ஜிபி எழுதியது:

அண்ணாச்சி, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை பத்தமடைக்குச் சற்று முன்னால், வாய்க்கால் பாலத்துப் பக்கம் நின்றது. தம்பி கீழே குனிந்து, "அண்ணே, ஒண்ணும் கேக்கல, ஆனா தொட்டா சுடுது" என்றான். மூடியைத் திறந்தோம், 'உஸ்' சத்தம் இல்லை. பைப்பைக் கழற்றிச் சைக்கிள் பம்பால் ஊதினோம். முதலில் அழுத்தம் தாங்கி நின்றது, சட்டென்று விட்டுக்கொடுத்தது, டேங்க்குக்குள் குமிழிச் சத்தம். திரும்ப மாட்டியதும் பம்ப் படபடவென்று அடித்து அடங்கியது. வண்டி ஒரே செல்ஃபில் பிடித்தது.

வீட்டுக்கு வந்து டிக்கிக்கு அடியில் இருந்து டேங்க்கை இறக்கினேன். வடித்த பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் அடியில் விரல் கனத்துக்குக் கலங்கிய நீர், அதன் மேல் துருத் தூள். டேங்க்கைச் சாய்த்து உலுக்கியபோது வெளியே வந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. வெங்காயச் சருகு போல மெல்லிய, பழுப்பு நிறத் தகடுகள். உள்ளங்கை அளவில்கூட ஒன்று வந்தது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் முழுக்கத் துரு ஒட்டியிருந்தது. அத்தையிடம் கேட்டேன். மாமா மெட்ராஸில் இருந்தபோது டேங்க் ஒழுகியதற்கு உள்ளே பூச்சு போட்டாராம். அக்கா கேட்டது அப்படியே சரி.

இப்போது என்ன செய்ய? மிச்சப் பூச்சையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசாகப் பூசலாமா? டேங்க் ஓரத்தில் ஊசி முனை அளவு ஓட்டைகளும் தெரிகின்றன. வெல்டிங் வைக்கலாமா?

வண்ணார்பேட்டை மெக்கானிக் எழுதியது:

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. உங்கள் தம்பியின் கைக்கும் என் பாராட்டு. பம்ப் சுட்டது என்றதுமே எனக்கு உறுதியாகிவிட்டது.

வெல்டிங் பட்டறைக்கு அந்த டேங்க்கைக் கொண்டுபோகவே கூடாது. காலி டேங்க் என்பது நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது. நாள்கணக்கில் காய வைத்தாலும் தகர மடிப்புகளுக்குள் ஆவி இருக்கும். பொறி பட்டால் வெடிக்கும். பழைய ரேடியேட்டர் கடைக்காரர்கள் ஆவி விட்டு, தண்ணீர் நிரப்பி ஈயம் வைப்பார்கள். அந்தக் கை இன்று எல்லோரிடமும் இல்லை. தவிர, மடிப்புகளில் இருக்கிற பூச்சை யாராலும் முழுக்க எடுக்க முடியாது. நீங்கள் எதைப் பூசினாலும் அது பழைய பூச்சோடு சேர்ந்து உரியும்.

புது டேங்க் வாங்குங்கள். எம்ஜிபிக்கு இங்கிலாந்தில் இன்றும் புதுசாகச் செய்து விற்கிறார்கள். கஸ்டம்ஸோடு சேர்த்தால் செலவுதான். ஆனால் கார்புரேட்டரை மாற்றி, அப்போதும் வண்டி பத்தமடையில் நிற்பதைவிட இது மேல். பழைய டேங்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். மாடல் பார்க்க உதவும்.

டேங்க் வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். டேங்க்கில் இருந்து முன்னால் வரும் இரும்புப் பைப்பை இரண்டு முனையும் கழற்றி ஊதிவிடுங்கள், பூச்சுத் துண்டு அதிலும் சிக்கியிருக்கும். பம்ப் பாயிண்ட்டைத் திறந்து பாருங்கள். அடைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் கரண்ட் ஓடியதால் கரிந்திருக்க வாய்ப்பு அதிகம். கெட்டித் தாளை நடுவில் விட்டு இழுத்தால் போதும், குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். புதுப் பம்ப் வாங்க நேர்ந்தால் எலெக்ட்ரானிக் வகை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் உங்களுடையது பாசிட்டிவ் எர்த். அதற்கென்று செய்ததைக் கேட்டு வாங்காவிட்டால் மாட்டிய நிமிஷமே புகைந்துவிடும். ஹோஸ் விஷயத்தில் தென்காசி அம்மா சொன்னதை அப்படியே கேளுங்கள். ஃபில்டரை பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில், மேனிஃபோல்டுக்குத் தள்ளி வையுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு மிக்சர், அதாவது காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவு, பார்க்க வேண்டும். இ20 பெட்ரோலுக்கு அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், பழைய செட்டிங்கில் லீனாக, அதாவது பெட்ரோல் பற்றாமல், ஓடும், சூடு ஏறும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஒவ்வொரு கார்புரேட்டராக, பக்கவாட்டில் இருக்கும் சின்னத் தூக்கு ஊசியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். ஆர்பிஎம் ஏறி ஏறியபடியே நின்றால் ரிச், பெட்ரோல் அதிகம். விழுந்து நிற்கப் பார்த்தால் லீன். லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. லீனாக இருந்தால் அடியில் உள்ள ஜெட் நட்டை ஒரு முகம் கீழே இறக்குங்கள், திரும்பச் சோதியுங்கள். இரண்டிலும் ஒரே அளவு இறக்குங்கள். கார்புரேட்டர் தலையில் எண்ணெய் ஊற்றும் டாஷ்பாட்டில் 20 நம்பர் ஆயில் இருக்கிறதா என்று அதற்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பை எம்ஜிபி எழுதியது:

டேங்க்குக்கு ஆர்டர் போட்டுவிட்டேன் அண்ணாச்சி. பாயிண்ட் கரிந்துதான் இருந்தது, குழியும் விழுந்திருக்கிறது, அதற்கும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். இரும்புப் பைப்பை ஊதியதில் இரண்டு துண்டு வெளியே வந்தது. ஆர்9 ஹோஸ் திருநெல்வேலியில் கிடைக்கவில்லை, மதுரையில் சொல்லி வைத்திருக்கிறேன். டேங்க் வந்ததும் மிக்சர் வைக்கும்போது சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கிறேன்.