மொய் நோட்டில் எழுதிய பெயர்கள்
2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அப்போது திருவாரூரில் நர்ஸாக இருந்தேன். சுனாமி என்ற சொல்லே அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. சாயங்காலத்துக்குள் வேனில் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கமிருந்து ஆட்களைத் தூக்கி வந்தபடியே இருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்த இடம் ஒரு கல்யாண மண்டபம்.

பந்தி மேசைகளைச் சேர்த்துப் போட்டுக் கட்டிலாக்கினோம். தோரணம் கட்டும் கயிற்றில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கியது. அண்டாவில் கொதித்து ஆறிய தண்ணீரில்தான் காயம் கழுவினோம்.

பெரும்பாலும் தகரம் கிழித்த காயங்கள், உள்ளே சேறும் மணலும். அதை உடனே தைத்து மூடக் கூடாது. கழுவி, டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு, தைக்காமல் கட்டி, நாலைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால்தான் தைக்க வேண்டும். ஒரு ஆயாவுக்கு மனசே ஆறவில்லை.

"இவ்ளோ கிழிஞ்சு கெடக்கு, தைக்காம அனுப்புறியேம்மா?"

"இப்ப மூடினா உள்ளயே சீழ் பிடிச்சுக்கும் ஆயா. வெள்ளிக்கிழமை வாங்க, தைச்சுடலாம்."

யார் யாரை வெள்ளிக்கிழமை வரச் சொன்னோம் என்று எப்படி ஞாபகம் வைப்பது? மண்டபத்துக்காரர் எழுதாத மொய் நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெயர், ஊர், காயம், போட்ட ஊசி, எங்கே அனுப்பினோம் என எல்லாம் அதில் ஏறியது. இப்படி ஓர் இடத்தை ஆஸ்பத்திரியாக்க வேண்டி வந்தால், மருந்துப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே நல்ல கையெழுத்துள்ள ஒருவரை வாசலில் நோட்டோடு உட்கார வையுங்கள்.

நாங்கள் நோட்டு எழுதத் தாமதமாகத்தான் தொடங்கினோம். இருமலோடு நடந்து வந்த ஒரு பையனைச் சும்மா வெளியே உட்கார வைத்திருந்தோம். ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பித்தது. கடல் தண்ணீர் சேற்றோடு நுரையீரலுக்குள் போயிருக்கிறது. அவனைத் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். அப்புறம், கடல் தண்ணீர் குடித்தவர்கள் எல்லோருக்கும் மணிக்கொரு முறை மூச்சை எண்ணி நோட்டில் குறித்தோம்.

நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நோட்டில் பெயர் இருக்கிறதா என்று கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். பெயர் சொல்லத் தெரியாத குழந்தைகளுக்கு 'பச்சைப் பாவாடை, இடது காதில் மட்டும் தோடு' என்று எழுதியிருந்தோம். ஒருவர் முதல் பக்கத்திலிருந்து இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் வீட்டு ஆட்கள் யாருமே அதில் இல்லை. போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கரண்ட் இல்லாத அந்த இரவு முழுக்க நோட்டுக்கு டார்ச் பிடித்தார். மறுநாள் காலையிலிருந்து, தேடி வருகிறவர்களுக்கு அவர்தான் படித்துச் சொன்னார்.