பேலன்ஸ்டு வெளியீட்டிலிருந்து ஆர்சிஏ மட்டும் உள்ள மானிட்டர்களுக்கு: எந்தக் கேபிள், எப்படி இணைப்பது?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். புரட்டாசி மாதத்துக்காக எங்கள் பஜனைக் குழு பாடும் பாசுரங்களை வீட்டிலேயே பதிவு செய்து, கலவையையும் நானே செய்து வருகிறேன். கணினியோடு இணையும் என் யூஎஸ்பி ஒலி இன்டர்ஃபேஸின் பின்புறம் இடது, வலது என்று இரண்டு கால் அங்குல ஜாக்குகள் உள்ளன. இரண்டும் பேலன்ஸ்டு வெளியீடுகள் (சிக்னலுக்கு இரண்டு கம்பிகளும் கிரவுண்டுக்குத் தனியாக ஒன்றும் உள்ள வகை) என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. என்னிடம் உள்ள பழைய பவர்டு மானிட்டர்களிலோ (உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள ஸ்பீக்கர்கள்) ஆர்சிஏ உள்ளீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு ஸ்டீரியோ ஜாக்கிலிருந்து சிவப்பு, வெள்ளை என்று இரண்டு ஆர்சிஏ முனைகளாகப் பிரியும் ஐந்து மீட்டர் கேபிளை வாங்கி, அதை இடது வெளியீட்டில் செருகி, இரண்டு மானிட்டர்களுக்கும் கொடுத்திருக்கிறேன்.

இரண்டிலும் ஒலி வருகிறது. ஆனால் பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ பரவிக் கிடக்கிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்க நாதம் ஏறக்குறைய காணாமலே போய்விட்டது. இதே பதிவை ஹெட்ஃபோனில் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது. இது போதாதென்று, லேப்டாப் சார்ஜரைச் செருகிய உடனே தொடர்ச்சியான ரீங்காரம் ஒன்று கிளம்புகிறது. மானிட்டர்களின் மூன்று முள் பிளக்கில் உள்ள பெரிய எர்த் முள்ளின் கம்பியைக் கழற்றிவிட்டால் ரீங்காரம் நின்றுவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில் 1 (ஃபீனிக்ஸ்)

எர்த் கம்பியைத் தயவுசெய்து தொடாதீர்கள். மானிட்டருக்குள் 230 வோல்ட் கம்பி ஒன்று நழுவி உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்த மின்சாரத்துக்கு நீங்கள்தான் வழியாவீர்கள். நம் வீட்டு மின்பலகையில் 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் இருப்பது உண்மைதான். எர்த் கம்பி இருந்தால் பழுது ஏற்பட்ட கணமே அது விழும். இல்லாவிட்டால் ஒருவர் உடல் வழியே மின்சாரம் பாய்ந்த பிறகுதான் விழும்.

குரல் நடுவில் நிற்காததற்குக் காரணம் கேபிள்தான். அந்த வகைக் கேபிள் ஹெட்ஃபோன் வெளியீட்டுக்கு உரியது. அங்கே ஜாக்கின் நுனியில் இடது சேனலும் வளையத்தில் வலது சேனலும் இருக்கும். உங்கள் இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு ஜாக்கிலோ நுனி, வளையம் இரண்டிலும் இருப்பது இடது சேனல் ஒன்றேதான்; வளையத்தில் அது தலைகீழாக இருக்கிறது. ஆகவே ஒரு மானிட்டரின் கூம்பு வெளியே தள்ளும்போது மற்றொன்று உள்ளே இழுக்கிறது. தாழ்ந்த ஒலிகளின் அலைநீளம் இரண்டு மானிட்டர்களுக்கு இடையிலான தூரத்தைவிட மிகப் பெரியது என்பதால் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தொப்பி நாதம் மறைந்தது அதனால்தான். வலது சேனலை நீங்கள் இந்த மானிட்டர்களில் இன்னும் கேட்கவே இல்லை என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனிக் கேபிள் வேண்டும்.

பதில் 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

மேலே சொன்னது முற்றிலும் சரி. தனித்தனிக் கேபிள் என்று முடிவு செய்தபின், பயன்படுத்தாத அந்த வளையத்தை என்ன செய்வது என்பதுதான் அடுத்த கேள்வி. கடையில் கிடைக்கும் சாதாரண மோனோ ஜாக்கில் வளையமே கிடையாது. அதைச் செருகினால் இன்டர்ஃபேஸின் வளையத் தொடர்பு நேரே கிரவுண்டோடு சேர்ந்துவிடும். இது சில வெளியீடுகளுக்குப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தாது.

இம்பீடன்ஸ் பேலன்ஸ்டு எனப்படும் எளிய வகையில் வளையத்தில் சிக்னலே இருக்காது. கிரவுண்டுக்குப் போகும் ஒரு ரெசிஸ்டர் மட்டுமே இருக்கும். அதைக் கிரவுண்டோடு சேர்ப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. உங்களுடையது அந்த வகை அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம், ஏனென்றால் வளையத்தில் இணைந்த மானிட்டரிலும் உங்களுக்கு ஒலி வந்திருக்கிறது. இனி இரண்டு வாய்ப்புகள் உள்ளன. நுனியையும் வளையத்தையும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர்கள் இயக்கும் வகையாக இருந்தால், வளையத்தைக் கிரவுண்டோடு சேர்ப்பது அந்த ஆம்ப்ளிஃபயரை ஷார்ட் செய்வதாகும். உள்ளே இருக்கும் சிறு ரெசிஸ்டர் அதைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடும் என்றாலும், ஒலியில் சிதைவு வர இடமுண்டு. இந்த வகைக்கு டிஆர்எஸ் ஜாக்கையே (நுனி, வளையம், அடித்தண்டு மூன்றும் உள்ளது) வாங்கி, நுனியையும் அடித்தண்டையும் மட்டும் ஆர்சிஏவுக்குக் கொண்டுபோய், வளையத்தை எதனோடும் சேர்க்காமல் விட வேண்டும். சிக்னலில் பாதியைத்தான் எடுக்கிறோம் என்பதால் 6 டெசிபெல் குறையும். அது ஒரு பொருட்டல்ல. இரண்டாவது வாய்ப்பு, கிராஸ் கப்பிள்டு அல்லது சர்வோ பேலன்ஸ்டு வகை. அங்கே இதற்கு நேர்மாறாக, வளையத்தை இன்டர்ஃபேஸ் பக்கத்திலேயே கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். சேர்த்ததும் நுனியின் அளவு தானாக இரட்டிப்பாகி இழப்பைச் சரிக்கட்டும். எந்த வகை என்பதைக் கையேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். ரெடிமேட் அடாப்டர்களைப் பொறுத்தவரை, உள்ளே எதை எதோடு சேர்த்திருக்கிறார்கள் என்று மல்ட்டிமீட்டரால் சோதிக்காமல் நான் எதையும் செருகுவதில்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. இரு பக்கமும் தனித்தனியாக இயக்கப்படுகின்றன, வளையத்தை ஷார்ட் செய்ய வேண்டாம் என்று கையேட்டில் தெளிவாக இருக்கிறது. நீங்கள் சொன்னபடி இரண்டு கேபிள்களை ஈயம் பற்றவைத்துத் தயாரித்துவிட்டேன். குரல் நடுவுக்கு வந்துவிட்டது, தொப்பியும் நன்றாக ஒலிக்கிறது. ரீங்காரம் மட்டும் போகவில்லை. லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் அடங்குகிறது.

பதில் 2-ஐ எழுதியவர்

அப்படியானால் இது கிரவுண்ட் லூப்தான், அதாவது எர்த் இணைப்புகள் ஒரு மூடிய சுற்றாகிவிட்டன. சார்ஜரின் எர்த், மானிட்டரின் எர்த் இரண்டும் சுவருக்குள் ஒன்று சேர்கின்றன. உங்கள் ஆடியோ கேபிளின் கவசம் (உள்கம்பியைச் சுற்றியுள்ள உலோக வலை) அந்தச் சுற்றை முழுமையாக்கிவிடுகிறது. ஆர்சிஏ போன்ற அன்பேலன்ஸ்டு இணைப்பில் இந்தக் கவசமே சிக்னல் திரும்பும் வழியும் ஆகும் என்பதால், அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் உண்டாக்கும் மின்னழுத்தம் அப்படியே பாட்டோடு கலந்துவிடுகிறது. கவசத்தின் தடை 1 ஓம், அதில் ஓடுவது 300 மைக்ரோஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், கலப்பது 0.3 மில்லிவோல்ட். ஆர்சிஏ உள்ளீட்டின் வழக்கமான அளவான 0.316 வோல்ட்டோடு ஒப்பிட்டால், அது 60 டெசிபெல் மட்டுமே கீழே இருக்கிறது. இரவில் அமைதியான அறையில் ஆலாபனையைக் கேட்பவருக்கு இது நிச்சயம் கேட்கும்.

முதலில் எல்லாக் கருவிகளையும் ஒரே மல்ட்டிபிளக்கில் செருகிப் பாருங்கள். கேபிள்களையும் முடிந்தவரை குட்டையாக்குங்கள். அதன் பிறகும் மீதமிருந்தால், பக்கத்துக்கு ஒன்றாக லைன் லெவல் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவதுதான் முறையான தீர்வு. அதன் முதன்மைச் சுருளில் நுனியையும் வளையத்தையும் இணைத்து, இரண்டாம் சுருளை ஆர்சிஏவுக்குக் கொடுத்தால், இரு பக்கக் கிரவுண்டுகளும் கம்பியால் இணையாமல் பிரிந்துவிடும். பேலன்ஸ்டு வெளியீட்டின் முழு அளவும் கிடைக்கும். டிரான்ஸ்ஃபார்மரை மானிட்டருக்கு அருகில் வைத்து, அதுவரை நீளும் கேபிளின் கவசத்தை இன்டர்ஃபேஸ் முனையில் மட்டும் இணையுங்கள். மலிவான சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் தாழ்ந்த ஒலியைச் சிதைத்துவிடும். தொப்பி நாதத்துக்காக இவ்வளவு பாடுபட்ட நீங்கள் அந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பதில் 1-ஐ எழுதியவர்

டிரான்ஸ்ஃபார்மர் போட்டபின் ஒலி அளவையும் மறுபடி பாருங்கள். பேலன்ஸ்டு வெளியீட்டின் பெயரளவு +4 டிபியூ, அதாவது 1.23 வோல்ட், ஆர்சிஏ எதிர்பார்ப்பதோ −10 டிபிவி, அதாவது மேலே சொன்ன 0.316 வோல்ட். இடைவெளி ஏறக்குறைய 12 டெசிபெல். இன்டர்ஃபேஸில் −10 என்ற சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் மானிட்டரின் பின்புறக் குமிழைக் குறைத்து வையுங்கள். அப்போதும் உரத்த இடங்களில் ஒலி சிதைந்தால், மானிட்டரின் உள்ளீடு நிரம்பி வழிகிறது என்று கொண்டு, இன்டர்ஃபேஸ் வெளியீட்டைக் குறையுங்கள்.