பேக்லோஃபென் பம்ப் ஆபரேஷனுக்கு அப்புறம்: அவரவர் பார்த்தது

ஒன்பது வயது மகளின் அம்மா

தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மருந்தை, வயிற்றுக்குள் வைத்த ஒரு சின்னப் பம்ப் குழாய் வழியாகத் தண்டுவட நீருக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பம்பை வைக்கலாமா வேண்டாமா என்று பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். வைத்த பிறகு முதல் சில மாதம் எப்படிப் போகும் என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

மகளுக்குப் பெருமூளை வாதம், கை கால் நான்கிலும் இறுக்கம். பேக்லோஃபென் மாத்திரையை ஏற்றினால் பகலெல்லாம் தூங்கி வழிவாள். குறைத்தால் இரண்டு காலும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும், டயப்பர் மாற்றவே இரண்டு பேர் வேண்டும். விழுங்கும் மருந்தில் தண்டுவட நீருக்குள் போய்ச் சேருவது ரொம்பக் கொஞ்சம். பம்ப் நேராக அங்கேயே மருந்தை விடுவதால் மில்லிகிராம் கணக்கு மைக்ரோகிராமுக்கு இறங்கிவிடும், தூக்கக் கலக்கமும் குறையும் என்றார் டாக்டர். முதுகில் ஊசி வழியாக 50 மைக்ரோகிராம் போட்டுப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் கால்கள் தளர்ந்து பிரிந்தன. சரி, வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

புண் இரண்டு இடத்தில் இருக்கும். வயிற்றில் பம்ப், முதுகில் குழாய் தண்டுவட நீருக்குள் நுழையும் இடம். எங்களுக்குத் தொல்லை கொடுத்தது வயிறுதான். ஒல்லியான பிள்ளை என்பதால் தோலுக்கு அடியில் வைக்காமல், இன்னும் ஆழத்தில், தசையின் உறைக்குக் கீழே வைத்திருந்தார்கள்.

முதலில் மட்டமாகப் படுக்க வைத்தார்கள். குழாய் நுழைந்த இடத்தில் தண்டுவட நீர் கசியக்கூடாது என்பதற்காக. அப்புறம் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். உயர்த்தியதும் வாந்தி எடுத்தாள். பேச்சு வராத பிள்ளை, தலை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்ட முயன்றாள், அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த தகவல். மயக்க மருந்தின் வாந்தியாக இருக்கும் என்று நான் சொன்னபோது சிஸ்டர் ஒருவர், "படுத்தா சரியாகுதா, தூக்கினா வருதா, அத மட்டும் கவனிங்கம்மா" என்றார். படுத்தால் சரியானது. மறுபடியும் மட்டமாகப் படுக்க வைத்து, வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டி, பொறுத்திருந்ததில் தானாக அடங்கிவிட்டது. முதுகுத் தையலுக்கு அடியில் மெத்தென்று வீக்கம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்றார்கள். எங்களுக்கு அது வரவில்லை.

மலச்சிக்கலை யாரும் முக்கியமாகப் பேசுவதில்லை. வலி மருந்து, அசையாமல் படுப்பது, பேக்லோஃபென் மூன்றும் சேர்ந்தால் வயிறு கல்லாகிவிடும். வயிற்றில் பம்ப் இருக்கும்போது முக்குவது பெரிய வேதனை. மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது, இடுப்பில் எதுவுமே உட்காராது என்பது. பேண்ட்டின் எலாஸ்டிக், டயப்பர் பட்டி, எல்லாம் சரியாகப் பம்பின் விளிம்பில் போய் உரசும். தொளதொள கவுன்தான் கை கொடுத்தது. வீல்சேர் பெல்ட்டும் அதே இடத்தில்தான் அழுத்தியது, கீழே இறக்கி மாட்டச் சொல்லி மாற்றினோம். டிஸ்சார்ஜுக்கு முன்பே வீல்சேரில் உட்கார வைத்துப் பெல்ட் போட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. என்னைக் கலங்கடித்தது அவளுடைய தளர்ச்சி. முன்பு கட்டிலிலிருந்து தூக்கும்போது காலை விறைத்துக்கொண்டு ஒரு நொடி நிற்பாள், அந்த ஒரு நொடியில் நாற்காலிக்கு மாற்றிவிடுவோம். இப்போது முழங்கால் மடங்கி மொத்த எடையும் என் கையில். தலை வேறு சாய்ந்தது. மாமியார் "முன்னாடி இருந்ததே தேவலைடி" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிசியோதெரபிஸ்ட் விளக்கிய பிறகுதான் புரிந்தது. இதுவரை அவளை நிறுத்தியது இறுக்கம், தசையின் பலம் இல்லை. இறுக்கம் விலகியதும் அடியில் இருந்த பலவீனம் வெளியே தெரிகிறது. அதற்கென்று பம்பைத் திட்டத் தேவையில்லை, டோஸைச் சரிசெய்யலாம். வயிற்றின் மேல் சின்னக் கருவியை வைத்து, ஊசியே இல்லாமல், அளவைக் கொஞ்சம் குறைத்தார்கள். அப்புறம் சிறுகச் சிறுக ஏற்றினார்கள். மாத்திரையையும் ஒரேயடியாக நிறுத்தவில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டவணைப்படி படிப்படியாகத்தான். குழாய் நகர்ந்துவிடாமல் இருக்க ஆறு முதல் எட்டு வாரம் இடுப்பை முறுக்கக்கூடாது, ரொம்ப மடக்கக்கூடாது என்றார்கள். நிஜமான பயிற்சி அதற்கு அப்புறம்தான் தொடங்கியது. புண் ஆறுவது வாரக்கணக்கு, உடம்பு பழகுவது மாதக்கணக்கு.

எங்கள் வீட்டில் முதல் பலன் காலில் தெரியவில்லை, கையில் தெரிந்தது. எப்போதும் மூடியே இருந்த இடது உள்ளங்கை வேர்த்து, தோல் வெந்து, நாற்றமடிக்கும். குளிப்பாட்டும்போது ஒருநாள் என் இரண்டு விரலை உள்ளே விட்டுச் சோப்புப் போட முடிந்தது. ராத்திரி காலிழுத்து எழுந்து அழுவதும் நின்றது. நிற்பது இன்னும் வரவில்லை. டாக்டரும் அதைச் சொல்லி இதை வைக்கவில்லை.

ஏழு வயது மகனின் அப்பா

மேலே சகோதரி எழுதிய தளர்ச்சி எங்களுக்கும் வந்தது. நான் அதற்கு நேர்மாறானதைச் சொல்ல வேண்டும்.

பம்ப் வைத்து எல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள் மகன் உடம்பெல்லாம் சொறிந்தான். தடிப்பு ஒன்றும் இல்லை. எரிச்சல், அழுகை, சாயங்காலம் காய்ச்சல், ராத்திரிக்குள் கால்கள் பழையபடி விறைத்துவிட்டன. பக்கத்து கிளினிக்கில் அலர்ஜி என்று மருந்து கொடுத்தார்கள். மனைவிதான் "காலைப் பாருங்க, இது அலர்ஜி இல்ல" என்று நேராக ஆபரேஷன் செய்த இடத்துக்குக் கிளப்பினாள். குழாய் மடங்கி மருந்து போகவில்லை. பம்பின் அலாரம் அடிக்கவில்லையே என்று கேட்டோம். பம்ப் நன்றாகத்தான் ஓடுகிறது, குழாய் அடைத்தால் அதற்குத் தெரியாது என்றார்கள். மாத்திரை கொடுத்துக்கொண்டே குழாயை மாற்றினார்கள்.

பேக்லோஃபென் திடீரென்று நின்றால் வலிப்பு வரை போகும், உயிருக்கே ஆபத்து. காத்திருந்து பார்க்கும் விஷயம் இல்லை. தலைகீழாக, டோஸ் கூடிப்போனால் எழுப்ப முடியாத தூக்கமும் மூச்சு மெலிவதும் வரும், அதுவும் அவசரம்தான். வீல்சேரின் பின்னால் ஒரு அட்டை மாட்டியிருக்கிறோம்: பம்ப் இருக்கிறது, மருந்தின் பெயர், இப்போதைய டோஸ், யாருக்குப் போன் செய்வது.

இன்னொரு அம்மா

எங்களுக்குக் கிருமித் தொற்று வந்து பம்பையே எடுக்க வேண்டியதாயிற்று. வயிற்றுத் தையலின் ஓரம் சிவந்து நீர் கசிந்தது. முதல் சில மாதம் தினமும் நல்ல வெளிச்சத்தில் புண்ணைப் பாருங்கள், போன் கேமராவில் படமெடுத்து நேற்றைய படத்தோடு ஒப்பிடுங்கள். மறுபடி வைத்துவிட்டோம், இப்போது நன்றாக இருக்கிறான்.

சின்ன வயதிலேயே பம்ப் வைத்துக்கொண்டவன்

எனக்கு இப்போது வேலைக்குப் போகும் வயது. பாட்டரி பொதுவாக ஐந்து முதல் ஏழு வருஷம் வரும், அப்புறம் பம்பை மாற்ற வேண்டும். மாற்றும் ஆபரேஷன் முதல் முறை மாதிரி இல்லை. குழாய் நன்றாக இருந்தால் வயிற்றை மட்டும்தான் திறப்பார்கள், முதுகை விட்டுவிடுவார்கள்.

பெற்றோருக்கு ஒன்று. வருபவர் போகிறவருக்கெல்லாம் பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டாதீர்கள். எனக்கு அந்த வயதில் புண்ணை விட அதுதான் எரிந்தது.

பம்பில் தீரும் மருந்தைத் தோல் வழியாக ஊசியால் மறுபடி நிரப்புவதுதான் ரீஃபில். அந்த ஊசிக்கு மரத்துப்போகும் க்ரீமை முன்கூட்டியே தடவச் சொல்லுங்கள், போனவுடன் தடவினால் வேலை செய்யாது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால் முன்பே சொல்லுங்கள். காந்தத்துக்குள் பம்ப் நின்றுவிடும், வெளியே வந்ததும் ஓடத் தொடங்கும், ஆனால் ஓடுகிறதா என்று கருவி வைத்துப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். ரீஃபில் தேதியில் விடுமுறை, பயணம் எது குறுக்கே வந்தாலும் முன்னே தள்ளி வையுங்கள், பின்னே தள்ளாதீர்கள்.