லைன் வீட்டு மணிப்பூர்ப் பெண்ணுக்குத் தெருக்காரர்களாக எப்படித் துணை நிற்பது?

செக்கிங் அக்கா, அனுப்பர்பாளையம்:
வணக்கமுங்க. நான் பத்து வருசமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம். கடைசி வீட்டில் மணிப்பூர்ப் பெண் ஒன்று இருக்குது. என் டேபிளில்தான் பிசிறு வெட்டுது.

முக்கில் உட்காரும் பையன்கள் அதைக் கண்டால் கண்ணை இரண்டு விரலால் இழுத்துக் காட்டி ‘சைனா, சைனா’ என்று கத்துகிறார்கள். மளிகைக் கடைக்காரர் எனக்கு மீதிச் சில்லறையைக் கையில் தருவார், அதற்கு மட்டும் மேசைமேல் வைத்துத் தள்ளுவார். போன வாரம் வீட்டுக்காரம்மா, ‘நீ சமைக்கிற நாத்தம் தாங்கல, மாசக் கடைசியில் காலி பண்ணு’ என்று சொல்லிவிட்டார். அது ஙாரி, புளிக்க வைத்த மீன். உருளைக்கிழங்கு, மிளகாயோடு மசித்துச் சாப்பிடுவார்கள். நானும் தின்று பார்த்தேன், நம்ம கருவாட்டுக்குச் சொந்தக்காரன்தான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கருவாடு வறுத்தால் யாரும் காலி பண்ணச் சொல்வதில்லை.

அன்றைக்கு ராத்திரி என் வாசப்படியில் வந்து உட்கார்ந்து, ஆதார் அட்டையை எடுத்து நீட்டி, ‘அக்கா, நான் இந்தியாதான்’ என்றது. இரண்டு வருசமாக ஒரே பஸ்ஸில் கூட வருகிற என்னிடம் அட்டையைக் காட்டுது. அந்தப் பையன்கள் கத்தும்போது இத்தனை நாள் நான் பக்கத்திலேயே நடந்துபோனேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை. போலீஸ் வேண்டாம் என்கிறது. நாங்கள் என்ன செய்யலாம், சொல்லுங்க.

பல்லடம் ரோட்டுக்காரன்:
அக்கா, 2023 மார்ச்சில் வடமாநிலத்துக்காரர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியது ஞாபகம் இருக்குமே. எங்கள் கம்பெனியில் பீகார்ப் பசங்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். மேனேஜர் பேசினார், எடுபடவில்லை. இந்தி தெரிந்த எங்கள் அயர்னிங் அண்ணன் அவர்கள் ரூமிலேயே மூன்று ராத்திரி போய்ப் படுத்தார். அப்புறம்தான் பாதிப் பேர் நின்றார்கள். கூட இருப்பதுதான் பெரிய உதவி. கடைக்குப் போகும்போது யாராவது ஒருத்தர் சேர்ந்து போங்க. அந்தப் பையன்களின் அம்மாக்களை உங்களுக்குத் தெரியும்தானே? அங்கே பேசுங்க, முக்கில் சண்டை வேண்டாம்.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா:
இனவெறிக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. டெல்லியில் வடகிழக்கு மாணவர் ஒருவர் இறந்த பிறகு மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு சட்டத்தில் இதற்கு இடம் வேண்டும் என்று 2014-லேயே கேட்டது, இன்னும் வரவில்லை. அதனால் கையில் இருப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வாடகை விசயத்தில், தண்ணீரையும் கரண்டையும் நிறுத்திக் காலி செய்ய வைக்கக் கூடாது என்று 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார்: கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, போனில் 15100. புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அந்தப் பெண்ணின் முடிவு. ஆனால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பார்த்தவர் பெயர் எல்லாம் ஒரு நோட்டில் இன்றே எழுதிவையுங்க. பின்னால் மனசு மாறினால் அது கைகொடுக்கும்.

லைன் வீட்டுச் சொந்தக்காரர், வீரபாண்டி:
எனக்கும் ஆறு வீடு இருக்குங்க. வாசம் என்று வந்தால் ஜன்னல், புகைபோக்கி பற்றிப் பேசலாம், ஆளையே அனுப்ப வேண்டியதில்லை. அந்தம்மாவிடம் தனியாகப் போகாதீங்க. வாடகை கொடுக்கிற எல்லாரும் சேர்ந்து போனால் காது கொடுப்பாங்க.

செக்கிங் அக்கா, அனுப்பர்பாளையம்:
எல்லாருக்கும் நன்றிங்க. முதலில் அதனிடமே கேட்டேன், ‘நாங்க வந்து பேசட்டுமா கண்ணு?’ என்று. ரொம்ப நேரம் யோசித்து, ‘நானும் வரேன்’ என்றது. நேற்று சாயங்காலம் ஆறு வீட்டுப் பொம்பளைகள் போனோம். இப்போதைக்குக் காலி பண்ண வேண்டாம், பின்பக்க ஜன்னலைத் திறந்து சமைக்கட்டும் என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறார். இரண்டு பையன்களின் அம்மாக்களிடம் பேசியாகிவிட்டது. மூன்றாவது வீட்டில், ‘விளையாட்டுக்குத்தானே சொல்றான்’ என்றார்கள், மறுபடியும் போவேன். கடைக்காரர் இன்னும் மேசைமேல்தான் வைக்கிறார். நாளைக்குக் கூடவே நின்று, ‘அண்ணா, சில்லறையைக் கையில் குடுங்க’ என்று கேட்கப்போகிறேன். நோட்டு வாங்கியாச்சு, முதல் பக்கம் அதன் கையெழுத்திலேயே இருக்குது.