மூன்றாம் வகுப்புக்கு 'மொட்டு', ஏழாம் வகுப்புக்கு 'பி2': பிள்ளை படிக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செஞ்சிப்பக்கம்:

வணக்கம். எங்களுக்கு விழுப்புரம் மாவட்டம். போன வருடம் வரைக்கும் இரண்டு பிள்ளைகளும் தனியார் பள்ளியில் படித்தார்கள். கட்டணம் கட்டி மாளவில்லை, இந்த வருடம் ஊரிலேயே இருக்கிற ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். டீச்சர்கள் நன்றாகத்தான் பேசுகிறார்கள், அதில் குறை இல்லை. ஆனால் சின்னவளைப் பற்றிக் கேட்டால் "மொட்டு நிலையில் இருக்கிறாள்" என்கிறார்கள். எத்தனை மார்க் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். பெரியவனுக்கு முதல் பருவத்தில் கணக்கில் 63, அதற்கு 'பி2' என்று போட்டிருக்கிறது. பழைய பள்ளியில் கணக்கில் நாற்பதைத் தாண்டாதவன் அவன். திடீரென்று எப்படி 63?

இன்னொன்று. அவன் அறிவியலுக்கு ஏதோ செயல்திட்டம் என்று சொல்லிக் கடையில் 30 ரூபாய்க்குப் படம் பிரிண்ட் எடுத்து சார்ட்டில் ஒட்டிக்கொண்டு போனான், பத்துக்குப் பத்து. அதில் என்னடா இருக்கிறது என்று கேட்டேன். "படம் இருக்கும்மா" என்றான். என் வீட்டுக்காரர் இதெல்லாம் ஏமாற்று வேலை, பழைய பள்ளிக்கே அனுப்பலாம் என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணக்கட்டி:

அம்மா, நான் ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியர், வேலைக்கு வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. உங்கள் கேள்விக்குப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெரியவன். 2012-13இல் வருடத்தை மூன்று பருவமாகப் பிரிக்கிற முப்பருவ முறை வந்தபோதே இந்த மதிப்பீடும் வந்துவிட்டது. நூறில் 40 வளரறி மதிப்பீடு, அதாவது செயல்பாடு, செயல்திட்டம், சிறு தேர்வுகள். மீதி 60 பருவக் கடைசியில் எழுதுகிற தொகுத்தறித் தேர்வு. இரண்டையும் கூட்டி 61இலிருந்து 70க்குள் வந்தால் பி2. இதில் நாற்பதுக்கு யாரும் முப்பத்தைந்துக்குக் கீழே போடுவதில்லை, நானும் போடுவதில்லை. போட்டால் ஏன் குறைந்தது என்று மேலே பதில் சொல்ல வேண்டும், பிள்ளையும் சுணங்கிப்போகும். அதனால் உங்கள் பையனுக்கு அதில் 37 அல்லது 38 வந்திருக்கும். அப்படியானால் அறுபதுக்கு அவன் எழுதி வாங்கியது 25, 26. பழைய பள்ளியில் இருந்த அதே பையன்தான், கணக்குப் போடுகிற விதம்தான் மாறியிருக்கிறது. கிரேடைப் பார்க்காதீர்கள். தொகுத்தறி விடைத்தாளைக் கேட்டு வாங்கி, எந்தக் கணக்கில் விட்டான் என்று பாருங்கள். கேட்டால் காட்டுவார்கள்.

சின்னவள் விஷயம் வேறு. 2022இல் வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையும் சொல்லிக்கொடுக்க 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டத்தைத் தொடங்கினார்கள், கொரோனாவில் இரண்டு வருடம் பள்ளிக்கூடமே பார்க்காமல் வந்த பிள்ளைகளுக்காக. முதலில் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை, மறு வருடம் நான்கு ஐந்துக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. எழுத்திலேயே நிற்கிற பிள்ளை அரும்பு, வகுப்புக்கு உரியதைப் படிக்கிற பிள்ளை மலர், உங்கள் மகள் நடுவில். மார்க்கைவிட இது நேர்மையான தகவல் என்றுதான் நான் சொல்வேன். அவள் எங்கே நிற்கிறாள் என்றாவது சொல்கிறதே.

ரேங்க்_கார்டு_தலைமுறை:

சார் நியாயமாகத்தான் பேசுகிறார். ஆனால் அவரே "யாரும் குறைத்துப் போடுவதில்லை" என்கிறாரே, அப்புறம் எதற்கு அந்த நாற்பது? எங்கள் காலத்தில் ரேங்க் கார்டில் 52 பேரில் 41 என்று எழுதியிருக்கும், அப்பா கையெழுத்துப் போடுவதற்குள் முதுகில் இரண்டு விழும். வலித்தது, ஆனால் நிலைமை என்ன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இப்போது எட்டாம் வகுப்பு வரை பெயிலே கிடையாது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் நிறுத்தி வைக்கலாம் என்று விதியை மாற்றியது, நம் தமிழ்நாட்டில் பழையபடியே தேர்ச்சி என்று சொல்லிவிட்டார்கள். பத்தாம் வகுப்புக்குப் போனதும் இந்த நாற்பது காணாமல் போய்விடும், அன்றைக்குத் தெரியும் சங்கதி.

2025இல் வகுப்பில் பெஞ்சை 'ப' வடிவில் போடச் சொன்ன கூத்து ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும் என்று ஊரே பேசியது. என் மகள் வகுப்பில் ஒரு நாள் 'ப' போட்டார்கள், அறை சின்னது, நடுவில் டீச்சர் நிற்க இடமில்லை, மறுநாள் பழையபடி வரிசை.

பாயில்_படித்தவன்:

அண்ணே, முதுகில் விழுந்த இரண்டைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். என் பெரியப்பா மகன் ஆறாம் வகுப்பில் இரண்டு தடவை பெயில். மூன்றாவது தடவை தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்பட்டு செங்கல் சூளைக்குப் போய்விட்டான். பெயில் போட்டதால் அவன் என்னத்தைக் கற்றுக்கொண்டான்?

நான் 2008 வாக்கில் தொடக்கப் பள்ளி. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தம் வேகத்தில் படிப்படியாகத் தாமே படிக்கிற செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்த புதிது. அதற்கு முன்னால் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நடந்ததாம், அந்த அட்டையும், படிகளை வரிசையாகக் காட்டுகிற ஏணிப் படமும் ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் செய்ததைப் பார்த்து வந்தவை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். காலையில் போனதும் வருகைப்பதிவு நாமே போட வேண்டும், வானிலை அட்டவணையில் வெயிலா மேகமா என்று குறிக்க வேண்டும். பிறகு ஏணியில் என் படி எது என்று பார்த்து, அலமாரி ட்ரேயில் அந்தச் சின்னம் போட்ட அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு பாயில் உட்கார வேண்டும். சுவரில் தரையை ஒட்டிக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். டீச்சரும் கீழேதான் உட்காருவார். எனக்கு அது சொர்க்கம். பக்கத்துப் பையன் எந்தப் படியில் இருக்கிறான் என்று யாரும் கத்திச் சொல்ல மாட்டார்கள்.

குறையும் இருந்தது, மறைக்கவில்லை. என் கழித்தல் அட்டை ஒன்று தொலைந்துபோய் நான்கு நாள் அதே படியில் நின்றேன். டீச்சருக்கு மூன்று வகுப்பு, அவர் கண்ணில் நான் படவே இல்லை. ஐந்தாம் நாள் நானே அடுத்த அட்டைக்குத் தாவிவிட்டேன். கடன் வாங்கிக் கழித்தல் இன்றைக்கும் எனக்குத் தடுமாறும், சிரிக்காதீர்கள்.

சுண்ணக்கட்டி:

தம்பி, அந்த நான்கு நாள்தான் விஷயமே. அட்டை வந்தாலும் ஆப் வந்தாலும் நாலு நாளாக ஒரு பிள்ளை நிற்கிறதை யார் பார்ப்பது?

இப்போது நடக்கிற கூத்தைச் சொல்கிறேன். எண்ணும் எழுத்தும் மதிப்பீடு என் கைப்பேசியில், ஆப் வழியாக. ஒரு போன், 28 பிள்ளைகள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கேள்வியைக் காட்டி, பதிலை அமுக்க வேண்டும். வகுப்புக்குள் சிக்னல் கிடையாது, வேப்பமரத்தடியில்தான் இரண்டு கோடு வரும். அதனால் நான் மரத்தடியில், பிள்ளைகள் வரிசையில், உள்ளே மீதிப் பேர் சண்டையில். 2023இல் எங்கள் மதிப்பீடு சரியா என்று பார்க்க பி.எட். மாணவர்களை அனுப்பினார்கள், சங்கங்கள் எல்லாம் எதிர்த்தன. எனக்கு அந்த மாணவர்கள் மேல் கோபம் இல்லை, வந்த பிள்ளைகள் அந்த ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

ரேங்க்கார்டு சார் கேட்ட நாற்பதுக்கு வருகிறேன். செயல்பாட்டை வகுப்பில், என் கண் முன்னால் செய்தால் அந்த நாற்பது தங்கம். தராசு கொண்டுவந்து வெங்காயம் நிறுக்கச் சொன்னேன், கிலோ கிராம் மாற்றத் தெரியாத பையன் கடைக்காரர் மகன் என்பதால் முதல் ஆளாகச் செய்தான். எழுத்துத் தேர்வில் அவன் எப்போதும் கடைசி. அதை வீட்டுக்கு அனுப்பினால்தான் 30 ரூபாய் பிரிண்ட் ஆகிவிடுகிறது. அம்மா, அந்தச் சார்ட்டுக்குப் பத்து கொடுத்தது எங்கள் தப்பு, உங்கள் பையன் தப்பில்லை.

ரேங்க்_கார்டு_தலைமுறை:

வெங்காயக் கதை பிடித்தது சார். ஆனாலும் அறுபதை எண்பதாக்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

செஞ்சிப்பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் பள்ளிக்குப் போய் விடைத்தாளைக் கேட்டேன், உடனே எடுத்துக் கொடுத்தார்கள். வளரறியில் 39, தேர்வில் 24. சார் சொன்னதற்கு ஒரு மார்க் தள்ளி. பின்னக் கணக்கு நான்கும் தொடாமலே விட்டிருக்கிறான். அதை வீட்டுக்காரரிடம் காட்டினேன். பள்ளியை மாற்றுகிற பேச்சை இப்போதைக்கு எடுக்கவில்லை, ராத்திரி தோசையை நாலாக வெட்டி இவனுக்குப் பின்னம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னவளைப் பேருந்து நிறுத்தத்தில் பலகை படிக்கச் சொன்னேன். 'விழுப்புரம்' என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். 'செஞ்சி' வந்தபோது 'செ' சொல்லிவிட்டு 'ஞ்'சில் நின்றுவிட்டாள். பேருந்தே கிளம்பிவிட்டது. சுண்ணக்கட்டி சார், இந்த 'ங்', 'ஞ்' வருகிற சொற்களுக்கு வீட்டில் எப்படிப் பழக்குவது? பயிற்சி நூலில் எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும்.