கலைச்சொல் தேவை: ரோமானியரின் ‘கொலோனியா’ (வெள்ளிக்கிழமைக்குள்)

திருச்சி, திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். இளங்கலை வரலாற்று மாணவர்களுக்கான ரோம வரலாற்றுப் பாடம் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, ஒரே ஒரு சொல்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

‘கி.மு. 334இல் ரோம் காலேஸில் ஒரு கொலோனியாவை நிறுவி 2,500 பேரை அனுப்பியது.’ இது பாடத்தின் வரி, காலேஸ் இத்தாலியில் ஓர் ஊர். வரைவில் ‘காலனி’ என்று போட்டு, வகுப்பில் படிக்கக் கொடுத்து ஒரு கேள்வியும் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல், காலேஸ் மக்கள் ரோமுக்கு அடிமைப்பட்டு, வரி கட்டி, பிறகு விடுதலைக்குப் போராடினார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு மாணவி ‘காலேஸ் சுதந்திரம் பெற்ற ஆண்டு’ என்று ஓர் ஆண்டையும் தானே போட்டுவிட்டாள். அவர்கள்மேல் குற்றமில்லை. காலனி என்றதும் அவர்களுக்கு நினைவுக்கு வருவது 1947க்கு முந்தைய இந்தியா.

கொலோனியா ஆளப்பட்ட நாடு அல்ல, ஓர் ஊர். ரோம் தன் ஆட்களையும் லத்தீன் நேச ஊர்களின் ஆட்களையும் பெயர் எழுதித் திரட்டி, போரில் பறித்த நிலத்தை அளந்து பங்கிட்டு, மதில் எழுப்பி உட்காரவைத்த ஊர். உழவும் வேண்டும், காவலும் வேண்டும். இரண்டும் தெரியும்படி ஒரு சொல் தாருங்கள்.

கோவை, திங்கள்

அம்மா, ‘காலனி’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம். எங்கள் பக்கம் ‘அவர் காலனிக்காரர்’ என்றால் அது முகவரி இல்லை, சாதி. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாகத் தமிழக அரசே 2025இல் அறிவித்துவிட்டது. நாம் பாடநூலில் கொண்டுபோய் வைப்பானேன்? ‘குடியேற்றம்’ என்று போட்டுவிடுங்கள். எல்லோருக்கும் விளங்கும்.

தஞ்சாவூர், திங்கள் இரவு

கோவையார் அவசரப்படுகிறார். விளங்குவதை மட்டும் பார்த்தால் நாம் ஏன் குழு நடத்த வேண்டும்?

ரோமர் புது ஊர் எப்படித் தொடங்கினார்கள் என்று பாருங்கள். ஒரு காளையையும் ஒரு பசுவையும் ஒரே நுகத்தில் பூட்டுவார்கள். காளை வெளிப்புறம், பசு ஊர்ப்புறம். வெண்கலக் கொழு மாட்டிய கலப்பையால் ஊரைச் சுற்றி ஒரு சால் ஓட்டுவார்கள். மண்கட்டி வெளியே விழுந்தால் அதை எடுத்து உள்ளே போடுவார்கள். வாயில் வரும் இடத்தில் கலப்பையைத் தூக்கிக்கொண்டு கடப்பார்கள், ஏனென்றால் உழுத கோடு புனிதம், அதை மிதித்து யாரும் போய்வர முடியாது. பிற்காலக் கொலோனியாக்களின் காசுகளில் இந்த ஏரோட்டும் காட்சியையே பொறித்திருக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகுமா ஐயம்? கொழுவால் கீறிய ஊர் கொழுனியா. அதுவே கொலோனியா. உழவனை அவர்கள் ‘கொலோனுஸ்’ என்றார்கள், அவன் கொழுநன். சொல் நம்முடையது. ‘கொழுவூர்’ என்று திரும்ப எடுத்துக்கொள்வோம்.

சென்னை, செவ்வாய்

தஞ்சை ஐயாவின் ஏர்க்காட்சி அருமை, அதில் பிழையில்லை. சொற்பிறப்புதான் இடிக்கிறது. உழுதல், குடியிருத்தல், வழிபடுதல் மூன்றுக்கும் லத்தீனில் ‘கொலெரெ’ என்ற ஒரே வினை. ஆனால் அதன் முதலெழுத்து பழைய ‘க்வ’. வாடகைக் குடியைக் குறிக்கும் ‘இன்குயிலீனுஸ்’ என்ற சொல்லில் அந்த ஒலி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேர்ப்பொருள் சுழலுதல், சுற்றித் திரிதல். வடமொழிச் சக்கரமும் அதே வேர்தான். கொழுவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ‘கொழுநன்’ கணவன், ஐயா. கொலோனியா முழுக்கக் கணவர்கள் என்று மாணவர்கள் எழுதிவைத்தால் திருச்சி அம்மா மறுபடி மடல் போடுவார்.

பேசாமல் ‘கொலோனியா’ என்றே எழுதி அடைப்பில் விளக்கம் தந்தால் என்ன?

தஞ்சாவூர், செவ்வாய் (பத்து நிமிடத்தில்)

சக்கரமா? நன்றி. தமிழில் சக்கரத்துக்குப் பெயர் ‘கால்’. ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற குறளை மறந்துவிட்டீர்களா? கால், கோல், கொல். வேர் கிடைத்துவிட்டது.

கோவை, செவ்வாய்

கேட்டது ஒரு சொல். தேர் ஒன்று வந்து நிற்கிறது.

யாழ்ப்பாணம், செவ்வாய் இரவு

கோவை அண்ணாவின் ‘குடியேற்றம்’ பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பாடநூல்களில் பிரித்தானியர் ஆட்சிக் காலத்தைச் சொல்ல வருவது ‘குடியேற்றவாதம்’. அப்படியிருக்க ரோமரின் ஊருக்கும் அதையே வைத்தால், திருச்சிச் சகோதரியின் சிக்கல் அப்படியே இங்கே கரையேறிவிடும். அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. எங்கள் காதில் ‘குடியேற்றம்’ என்பது இலங்கை அரசு 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டமும் அதன் பின் வந்தவையும். அரசு வரைபடத்தை விரித்து வைத்து, யாரை எங்கே இருத்துவது என்று கோடு போடும் வேலை.

ஆனால் அதனாலேயே அந்தச் சொல் பொருந்துகிறதோ என்றும் படுகிறது. ரோமர் அல்பா ஃபூக்கென்ஸில் 6,000 பேரைக் கொண்டுபோய் இருத்தியது எக்குவியர் என்ற இத்தாலிய இனத்தாரின் நிலத்தில். தங்கள் எல்லைக்குள் ஒரு கோட்டையை நட்டுவிட்டார்கள் என்றுதான் எக்குவியர் ஆயுதம் எடுத்தார்கள், அதை ரோம வரலாற்றாசிரியர் லிவியே எழுதியிருக்கிறார். ‘புத்தூர்’ என்பது போன்ற இனிமையான சொல்லை வைத்து அந்தச் சத்தத்தை அடக்கிவிடாதீர்கள்.

மதுரை, புதன் அதிகாலை

கல்வெட்டுப் பக்கமிருந்து ஒரு கல்லைப் போடுகிறேன்.

முதல் குலோத்துங்கன் பாண்டிய நாட்டை வென்ற பிறகு செய்ததை அவன் மெய்க்கீர்த்தி ‘நெறிதொறும் நிலைகள் இட்டருளி’ என்கிறது. கோட்டாறு வரை, வழி நெடுகப் படையை நிறுத்தி வைத்தான். படித்ததும் எனக்கு ஆப்பியா பெருவழி நினைவுக்கு வந்தது. கி.மு. 312இல் ரோமிலிருந்து காப்புவா வரை போட்ட சாலை அது. பிறகு தெற்கே நீண்டு வெனூசியாவைத் தொட்டு, கடைசியில் புருந்திசியம் துறைமுகத்தில் முடிந்தது. வெனூசியா கி.மு. 291இல் வைத்த கொலோனியா, புருந்திசியம் கி.மு. 244இல். சாலையும் ஊரும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போயின. ‘நெறிதொறும் நிலை’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உரை வேண்டுமா?

ஆகவே என் முன்மொழிவு ‘நிலைக்குடி’. நிலை என்பது நிறுத்திய படை, குடி என்பது உழுதுண்ணும் குடும்பம். லத்தீனில் கொலோனுஸ் என்பவன் உழவனும் குடியிருப்பவனும். நம் ‘குடியானவன்’ இரண்டும்தானே? காரைக்குடி, மன்னார்குடி என்று ஊர்ப்பெயர் ஈறாகவும் நிற்கும். ‘படைப்பற்று’ என்ற கல்வெட்டுச் சொல்லையும் யோசித்தேன். இன்றைக்குப் பற்று என்றால் ஒன்று பாசம், இல்லையென்றால் பற்று வரவு. கைவிட்டேன்.

சிங்கப்பூர், புதன்

மதுரை ஐயாவின் சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் ‘நிலைக்குடி’ என்றால் நிரந்தரமாகக் குடிப்பவர் என்று நினைப்பார்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, வகுப்பில் நடக்கப்போவது அதுதான்.

கோவை, புதன்

தூத்துக்குடியைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லையே. இன்னொரு ஐயம்: க் மிகுமா? நிலைத்த குடி, நிலைக்கின்ற குடி, நிலைக்கும் குடி என்று விரித்தால் வினைத்தொகை. வலி மிகாது, ‘நிலைகுடி’தான்.

மதுரை, புதன்

வினைத்தொகை அன்று. நிலையின்கண் இருக்கும் குடி, ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. மிகும்.

தஞ்சாவூர், புதன்

இரண்டும் இல்லை. நிலையாகிய குடி, இருபெயரொட்டு. ஆனாலும் மிகும். இது போகட்டும், பாடத்தில் ‘ரோமானியர்’ என்று எழுதப்போகிறீர்களா? ரகரம் மொழிக்கு முதலில் வராது என்பதைக் குழு மறந்துவிட்டதா? உரோமர் என்று எழுதுங்கள்.

சென்னை, புதன்

உரோமர் என்றால் முடியுள்ளவர். சீசருக்கே வழுக்கை. அவர் மனம் வருந்தும்.

திருச்சி, புதன் இரவு

எல்லோருக்கும் நன்றி. ரோமானியர் ரோமானியராகவே இருக்கட்டும், என் நாள் குறைந்துகொண்டே வருகிறது.

‘நிலைக்குடி’யைப் பாடத்தின் எல்லா வரியிலும் போட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் இடறுகிறது. கொலோனியா இரண்டு வகை. ஒரு வகை, கடலோரத்தில் வைத்த சிறியவை, வழக்கமாக 300 குடும்பம். போனவர்கள் ரோமக் குடியுரிமையோடு போனார்கள். கி.மு. 329இல் தர்ராகினாவில் ஆளுக்குக் கிடைத்த நிலம் வெறும் 2 யூகெரம் (ரோம நில அளவு). பெரும்பாலும் உள்நாட்டில் வைத்த லத்தீன் வகை பெரியது. அதில் சேர்ந்த ரோமன் தன் குடியுரிமையை விட்டுவிட்டு, லத்தீன் உரிமையோடு நிலத்தை வாங்கிக்கொண்டான். முதலாவதுக்குக் காவல்நிலை போன்ற பெயர் பொருந்தும், இரண்டாவது முழு நகர அரசு. ஒரே சொல் இரண்டையும் தாங்குமா?

தஞ்சாவூர், வியாழன்

தாங்கும். அடை கொடுங்கள்: ‘குடியுரிமை நிலைக்குடி’, ‘லத்தீன் நிலைக்குடி’. (என் ஓட்டு கொழுவூருக்கே. ஆனாலும் உதவி செய்வது கடமை.)

யூகெரம் கால் எக்டேர்தான். தர்ராகினாக்காரனுக்குக் கிடைத்தது ஒன்றேகால் ஏக்கர், எங்கள் கணக்கில் நாலு மாவுக்கும் குறைவு. அதை வைத்து ஒரு குடும்பம் ஒரு போகம்கூடச் சாப்பிட முடியாது, பொது மேய்ச்சலும் கடலும் இருந்திருக்க வேண்டும். கி.மு. 181இல் அக்குயிலேயாவுக்குப் போன 3,000 காலாட்களைப் பாருங்கள்: ஆளுக்கு 50 யூகெரம், நாலரை வேலிக்கு மேல். நூற்றுவர் தலைவனுக்கு 100, குதிரை வீரனுக்கு 140. பந்தியில் இலை போடும் முன்பே யார் முதல் வரிசை என்று முடிவாகிவிட்டது. வடக்கே எல்லையில் ஆள் நிற்க வேண்டுமென்றால் வேலிக்கணக்கில் கொடுத்தாக வேண்டும். வாளைவிட இந்த அளவுகோல்தான் ரோமின் பலம் என்பேன்.

சென்னை, வியாழன்

ஐயா, முதல்முறையாக உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ரோமோடு போரிட்ட கார்த்தேஜ் படைத்தலைவன் ஹன்னிபால் கதையும் அதைத்தான் காட்டுகிறது. கி.மு. 216இல் கன்னாயில் ரோமப் படை அழிந்தபோது தப்பிய கான்சல் (ரோமின் ஆட்சித்தலைவர்) வார்ரோ ஓடி நுழைந்தது வெனூசியாவுக்குள். காப்புவா ஹன்னிபால் பக்கம் மாறியது, லத்தீன் கொலோனியாக்கள் மாறவில்லை. கி.மு. 209இல் முப்பதில் பன்னிரண்டு, இனி ஆளும் பணமும் தர இயலாது என்று கைவிரித்தன. பதினெட்டு நின்றன. கைவிரித்தவையும் ஹன்னிபாலிடம் போகவில்லை. அந்த வகையில் ‘நிலை’ நல்ல சொல். ‘கொலோனியா’ என்ற என் பரிந்துரையை விலக்கிக்கொள்ளவில்லை, அடக்கி வாசிக்கிறேன்.

யாழ்ப்பாணம், வியாழன் மாலை

நின்றவர்களைப் பற்றிச் சொன்னீர்கள். லுக்கேரியாவையும் சொல்லுங்கள். கி.மு. 314இல் அதை மீண்டும் பிடித்தபின், ஊரையே இடித்துவிடலாமா என்று செனட் சபை விவாதித்தது. ஊர் தொலைவு, நம் ஆட்களை இவ்வளவு தூரம், இவ்வளவு பகைவர் நடுவே நாடுகடத்துவதா என்று சிலர் தயங்கினார்கள். கடைசியில் 2,500 பேரை அனுப்பினார்கள். அனுப்பியவர்களிலேயே சிலருக்கு அது நாடுகடத்தல் போலப் பட்டது. கி.மு. 125இல் லத்தீன் கொலோனியாவான ஃப்ரெகெல்லாயே கிளர்ந்தது, ரோம் தான் வைத்த ஊரைத் தானே இடித்தது. ‘நிலை’ என்பது ரோமின் விருப்பம், ஐயா, மண்ணின் செய்தி அன்று. ‘நிறுத்துகுடி’ என்றாவது வையுங்கள். நிறுத்தியவன் ஒருவன் இருக்கிறான் என்பது தெரியட்டும்.

மதுரை, வியாழன் இரவு

பொருள் சரி. ஒலி வரவில்லை. ‘நிறுத்துகுடி’ என்றால் மதுவிலக்குப் பிரசாரம்.

கோவை, வெள்ளி காலை

எண்ணிவிட்டேன். நிலைக்குடி 5, கொலோனியா 2, கொழுவூர் 1, நிறுத்துகுடி 1. சிங்கப்பூர் நண்பர் கொலோனியாவில் சேர்ந்துவிட்டார். பேசாமல் படித்துக்கொண்டிருந்த இருவர் தனிமடலில் நிலைக்குடி என்றார்கள். களைப்பில் வந்த ஓட்டாகவும் இருக்கலாம்.

திருச்சி, வெள்ளி மாலை

அனுப்பிவிட்டேன். ‘நிலைக்குடி’ என்று போட்டு, முதல் முறை வரும் இடத்தில் ‘ரோமர் இதைக் கொலோனியா என்றனர்’ என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்து அண்ணாவுக்காக எக்குவியர் பத்தியைச் சுருக்காமல் முழுதாக விட்டிருக்கிறேன்.

அதே வகுப்பில் மதியம் மறுபடி கேட்டேன். ஒரு மாணவன் மட்டும், ‘அப்படியென்றால் இது ராணுவக் குடியிருப்பா, அம்மா, அல்லது பட்டா நிலமா?’ என்றான். இரண்டும் என்றேன். ‘பட்டா யார் பெயரில் இருந்தது, அதற்கு முன்னால்?’ என்றான். மணி அடித்துவிட்டது.

அடுத்த பாடத்தில் ‘முனிகிபியம்’ வருகிறது. நகராட்சி என்று போடக் கை கூசுகிறது. செவ்வாய்க்குள் வேண்டும்.

தஞ்சாவூர், வெள்ளி (பத்து நிமிடத்தில்)

முனை என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம்.