கல்லூரியில் சமூகப் பணியைக் கட்டாயமாக்குவது சரியா?

மாலைநேர மாணவி:
எங்கள் கலைக் கல்லூரியில் பட்டம் வாங்க 'பகுதி 5' விரிவாக்கப் பணி என்று ஒரு கிரெடிட் முடித்தாக வேண்டும். நான் என்எஸ்எஸ், அதாவது நாட்டு நலப்பணித் திட்டம் எடுத்தேன். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240. அதோடு ஏழு நாள் கிராமத்தில் தங்கும் சிறப்பு முகாம். வகுப்பு முடிந்ததும் துணிக்கடை வேலைக்குப் போகிறவள் நான். முகாமுக்குப் போனால் ஏழு நாள் சம்பளம் போய்விடும், கடைக்காரர் வேறு ஆளைப் போட்டாலும் போட்டுவிடுவார். வசதி இருப்பவர்கள் விரும்பிச் செய்யட்டும். எல்லோரையும் ஏன் கட்டாயப்படுத்த வேண்டும்?

ஓய்வுபெற்ற திட்ட அலுவலர்:
உங்கள் சிரமம் புரிகிறது அம்மா. இருந்தாலும் கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. பல ஆண்டுகள் ஒரு என்எஸ்எஸ் அலகை, அதாவது கல்லூரி மாணவர் குழுவை நடத்தியவன் என்பதால் சொல்கிறேன். ஒரு அலகுக்கு 100 பேர், முகாமுக்கு 50 பேர். "விருப்பம் இருந்தால் வா" என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர்கூட வந்திருக்க மாட்டார்கள்.

கண் சிகிச்சை முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர்கள் பார்த்து, கண்புரை என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மருத்துவமனைப் பேருந்தும் வந்து நிற்கும். பாட்டி ஏற மாட்டார். "ஆட்டை யார் பார்ப்பா?" என்பார். அங்கேதான் மாணவர்கள் வேண்டும். பக்கத்து வீட்டில் பேசி ஆட்டுக்கு ஏற்பாடு செய்து, பாட்டியின் மகனுக்கு போன் போட்டு, கூடவே பேருந்தில் ஏறிப் போய்விட்டு வருவார்கள். அப்படிப் போனவர்களில் பலர் முதலில் வேண்டாவெறுப்பாக வந்தவர்கள்தான்.

கரிசல்காரன்:
ஐயா, உங்கள் அலகு நன்றாக நடந்திருக்கலாம். எங்கள் ஊரையும் ஒரு கல்லூரி தத்தெடுத்திருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலத்தை வெட்டினார்கள். வெயிலில் கையெல்லாம் முள் குத்திப் பிள்ளைகள் உழைத்ததை நானே பார்த்தேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தரைக்கு மேலே வெட்டிவிட்டுத் தூரை விட்டுவிட்டார்கள். வேரோடு பிடுங்காவிட்டால் அது ஒன்றுக்கு நாலாகக் கிளைத்து வரும். மழை பெய்ததும் வந்தது, முன்னைவிட அடர்த்தியாக. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அப்புறம் மாசி மாதம் பள்ளிக்கூடத்துப் பக்கம் வேம்பும் புங்கனும் நட்டார்கள். கோடை வாசலில் நிற்கும்போது நட்டால் தண்ணீர் யார் ஊற்றுவது? முள்வேலியும் இல்லை. சித்திரைக்குள் வெள்ளாடு முடித்துவிட்டது. அதற்குப் பதில் ஆவணி, புரட்டாசியில் கண்மாய்க் கரையில் பனை விதை ஊன்றியிருந்தால் குடம் தண்ணீர்கூட வேண்டாம், வடகிழக்கு மழையே பார்த்துக்கொள்ளும்.

எங்களுக்கு உண்மையில் வேண்டியது என்ன தெரியுமா? முதியோர் உதவித்தொகை விண்ணப்பம், பட்டா பெயர் மாற்றம், சாதிச் சான்று எல்லாமே இப்போது ஆன்லைன். ஓடிபி வரும், எதை அழுத்துவது என்று தெரியாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினி தெரிந்த இரண்டு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் போதும்.

நூலகத்தம்பி:
அண்ணன் சொல்வதுதான் சரி. சேவையை ஏழு நாளில் அடைத்து வைப்பதுதான் சிக்கல். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்க நான் போகிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. தேர்வு நேரத்தில் ஆள் கிடைக்காமல் அவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. அதற்கு முகாம் தேவையில்லை, அரை நாள் போதும்.

மாணவி சொன்ன வருமானப் பிரச்சினைக்கும் நம் மாநிலத்திலேயே வழி இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். மாலையில் தங்கள் தெருவிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். காசு வாங்கியதால் யாருடைய அக்கறையும் குறையவில்லை.

ஓய்வுபெற்ற திட்ட அலுவலர்:
கட்டாயமா விருப்பமா என்ற இந்தச் சண்டை திட்டத்தைவிடப் பழையது. 1959இல் தேஷ்முக் குழு, கல்லூரிக்குப் போகும் முன் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாய தேசிய சேவை வேண்டும் என்றது. செலவை நினைத்து அரசு தயங்கியது. பிறகு பல நாடுகளைப் பார்த்துவிட்டு வந்த கல்வியாளர் சையிதைன், விருப்பத்தின் பேரில் இருக்கட்டும் என்று பரிந்துரைத்தார். 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு என்எஸ்எஸ் தொடங்கியது.

தம்பி, தேர்வு எழுதிக் கொடுப்பது பெரிய காரியம். ஆனால் முகாமில் மட்டும் நடக்கிற ஒன்று இருக்கிறது. வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகும்போது காலனித் தெருவுக்குள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கால் வைத்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, பெயர் கேட்டு எழுதினார்கள். இதை விருப்பத்துக்கு விட்டால், யார் போக வேண்டுமோ அவர்கள் போகவே மாட்டார்கள். இதில் நான் இறங்கி வர முடியாது.

கரிசல்காரன்:
காலனித் தெருக்காரன் என்ற முறையில் கேட்கிறேன் ஐயா. வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள், சரி. அந்தக் கணக்கெடுப்புத் தாள் எங்கே போனது? தெருவிளக்கு இல்லை, சாக்கடை இல்லை என்று நாங்கள் சொன்னதையெல்லாம் எழுதினார்களே, பஞ்சாயத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்களா? உங்கள் பிள்ளைகள் மனம் மாறுவதற்கு எங்கள் திண்ணையைத் தருவோம், மகிழ்ச்சிதான். எங்களுக்கும் அதில் ஏதாவது நடக்க வேண்டாமா?

ஓய்வுபெற்ற திட்ட அலுவலர்:
நியாயமான கேள்வி. கணக்கெடுப்பின் நகலை ஊராட்சியில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு அலகுக்கும் விதி வைக்கலாம். அதற்காகக் கட்டாயத்தை எடுக்கச் சொல்லாதீர்கள்.

மாலைநேர மாணவி:
ஐயா, நான் காலனித் தெருவில் வளர்ந்தவள்தான். எனக்கு அந்தப் பாடம் தேவையில்லை, சம்பளம் தேவை. வேலைக்குப் போகிற மாணவர்களுக்கு முகாமுக்குப் பதில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். விண்ணப்பம் நிரப்பும் வேலை எனக்கு நன்றாகத் தெரியும், எங்கள் தெருவுக்கே நான்தான் செய்கிறேன். அந்த மணி நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கரிசல்காரன்:
அப்படியென்றால் முதலில் கணக்கில் எழுத வேண்டியது அதைத்தான். இன்னொன்று, அக்டோபர் 2 கிராம சபைக்கு உங்கள் திட்ட அலுவலரை வரச் சொல்லுங்கள். இந்த ஆண்டு என்ன வேலை என்பதை ஊர் சொல்லட்டும், முகாம் தேதியை அப்புறம் குறிக்கலாம்.